மதினி போடாத டிக்

என் அண்ணன் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன அன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. மதினி படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். அண்ணன் பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடி நின்றான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த எழுத்தர், "ஏம்மா, இதெல்லாம் தாலி ஏறுறதுக்கு முன்னாடில்ல படிச்சிருக்கணும்?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. மதினி தாளைத் திருப்பி ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

"இதுல 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும்'னு போட்டிருக்கு. மேலன்னா இந்தப் பக்கம் மட்டுமா, முன்பக்கமும் சேர்த்தியா சார்?"

அது ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். அதனால் எந்தச் சம்பவமும் மாதமும் கிழமையுமாகத்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. அண்ணனும் மதினியும் கோயம்புத்தூர்ப் பக்கம் குடிபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மதினியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டால், எங்கே அச்சாகும், எத்தனை காலத்துக்கு, பிறகு யாராவது எடுத்து வேறெங்காவது போடலாமா என்று மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அவர் ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்தார். கேஸ் ரசீதின் பின்புறத்தைப் படிப்பார். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால், "கிண்ணமும் எங்களுக்கா, குழம்பு மட்டுமா?" என்று கேட்டுவிட்டு வாங்குவார். குழம்பு கொண்டுவந்தவர் கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்பார். நான் ஒரு நாவலை நீட்டினால், "குடுத்தீகளா தம்பி, படிக்கத் தந்தீகளா?" என்பார். படிக்கத்தான் என்று சொன்னால் அட்டை போட்டுப் படித்துத் திருப்பித் தருவார். கொடுத்துவிட்டேன் என்றால் முதல் பக்கத்தில் அப்படியே என்னை எழுதித் தரச் சொல்வார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஏதாவது யோசனை சொன்னாலும் கடைசியில், "இது நான் சொல்வது. அவர் என்ன நினைக்கிறார் என்று அவரையே கேட்டுக்கொள்ளவும்" என்று ஒரு வரி சேர்ப்பார். அவர் என்றால் என் அண்ணன். அண்ணன் லாரி ஓட்டுபவன். வடக்கே லோடு இறக்கிவிட்டு வழியில் அதைப் படித்துத் தனியாகச் சிரிப்பான்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதை அத்தைதான் எனக்குச் சொன்னார். அத்தை என்றால் மதினியின் அம்மா. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் வெடிக்கு மருந்து அடைக்கும் வேலை அவருக்கு. அவருடைய கணவரும் இன்னோர் ஆலையில் அதே வேலை பார்த்தவர். அந்த ஆலையின் உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் வேறொருவர். "பேப்பர்ல போர்மேன்னு ஒரு பேரு வேணும்ணே. சும்மா ஒப்புக்குத்தான்" என்று மதினியின் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் இப்படிப் போட்டுக் கொடுப்பது ஒருவருக்கொருவர் செய்யும் சின்ன உதவி. கல்யாணப் பந்தலுக்குக் கை கொடுப்பதுபோல.

அந்த ஆலையில் வெடிவிபத்து நடந்தபோது அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். போலீஸ் அவரைத் தேடித்தான் வந்தது. ஜாமீனில் வெளியே வந்தவரை வழக்கு விடவில்லை. தீர்ப்புக்கு முன்பே அவர் இறந்துபோனார். வக்கீல் அலுவலகத்தில் அந்தத் தாளை முதன்முதலாக முழுசாகப் படித்தது, பள்ளிச் சீருடையில் அப்பாவோடு போயிருந்த மதினிதான். 'பொறுப்பாளர்' என்ற சொல்லுக்கு இரண்டாம் பக்கத்தில் விளக்கம் இருந்தது. 'நேரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிந்தாலும் அறியாவிட்டாலும்' என்று. மகள் அதை உரக்கப் படித்தபோது அப்பா சொன்னாராம்: "ரெண்டாம் பக்கத்தை எவன் பாத்தான்?"

மதினி பொறியியல் படித்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில், ஜன்னலைப் பார்த்த மேசை. வேலை போக மீதி நேரத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவச மென்பொருள்கள் சிலவற்றின் உள்ளே எழுதியிருக்கும் நிரலைப் படித்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோல.

அப்படி ஒரு மென்பொருளில் ஓடியதுதான் அத்தையின் ஆலையில் இருந்த பெட்டி. மருந்து கலக்கும் அறை வாசலிலும் அடைக்கும் அறை வாசலிலும் ஒவ்வொன்று. அறையின் சூட்டையும் ஈரத்தையும் அளந்து எண்ணில் காட்டும். அளவுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்போடு சங்கும் ஊதும். மருந்தில் ஈரம் ஏறி, அதோடு சூடும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெட்டியை விற்றவர் உள்ளூர்க்காரர். உள்ளே இருந்த மென்பொருள் வெளிநாட்டில் ஒரு தொண்டு அமைப்பின் பொறுப்பில் இருந்தது; எங்கெங்கோ இருப்பவர்கள் அதற்குக் கூலியில்லாமல் எழுதித் தந்தார்கள்.

பங்குனி கடைசியில் ஒரு புதன்கிழமை. அத்தை வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"காலைல போன கரண்டு மத்தியானந்தான் வந்துச்சு. உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது. பொட்டி மட்டும் பச்சையா நிக்குது. என்னன்னு பாத்தா, காலைல இருந்த அதே நம்பரு."

மதினி அன்றே மென்பொருளைத் திறந்து பார்த்தார். மின்சாரம் போய் வந்தால் பெட்டி விழித்துக்கொள்ளும். சூட்டை அளக்கிற கருவி விழிப்பதில்லை. பெட்டி கடைசியாகத் தெரிந்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று நாளில் திருத்தத்தை எழுதி முடித்துவிட்டார். ஆனால் அதை அனுப்பவில்லை.

அனுப்புவதற்கு முன் அமைப்பின் ஒப்பந்தத்துக்கு ஒரு டிக் போட வேண்டும். மதினி அதைப் பிரதி எடுத்து வைத்துப் படித்தார். எனக்கும் படிக்கத் தந்தார். அதில் 'பங்களிப்பு' என்றால் என்ன என்று ஒரு பத்தி. நீங்கள் இந்த மென்பொருளுக்காக அனுப்பும் நிரல், திருத்தம், விளக்கம் எல்லாம் பங்களிப்பு. மென்பொருளை மேம்படுத்த எழுத்திலோ வாய்மொழியாகவோ அமைப்புக்குச் சொல்லும் யோசனையும், சுட்டிக்காட்டும் கோளாறும் பங்களிப்பு. 'இது பங்களிப்பு அல்ல' என்று தெளிவாகக் குறித்து அனுப்பியது மட்டும் விலக்கு. அடுத்த பத்தியில் ஓர் உறுதிமொழி: இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, என் வேலையிடத்துக்கு இதில் உரிமை உண்டென்றால், அவர்களுடைய அனுமதியை வாங்கிவிட்டேன்.

மதினியின் வேலை ஒப்பந்தமோ, பணியில் இருக்கும் காலத்தில் அவர் எழுதுகிற, யோசிக்கிற எந்த மென்பொருளும் நிறுவனத்துக்கே என்றது. ஆபீஸ் நேரமானாலும் சரி, அடுப்படி நேரமானாலும் சரி. அனுமதி கேட்டு எழுதியிருந்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடியும் அதே வரி.

"அப்ப, 'இது பங்களிப்பு அல்ல'ன்னு போட்டு அனுப்பிருங்களேன் மதினி" என்றேன்.

"அப்படிப் போட்டா அவுக அதைத் தொடவே மாட்டாக தம்பி. தொடக்கூடாதுங்கறதுக்குத்தான அந்த வரியே."

அண்ணன் அந்த வாரம் வீட்டில் இருந்தான். "ஏ புள்ள, ஒரு டிக்கு. விரலை வச்சா விழுந்திரும். ஒலகமே படிக்காமத்தான் போடுது."

"எங்கப்பாவும் படிக்காமத்தான் போட்டாக."

அண்ணன் எழுந்து லாரிக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டான்.

சித்திரை பிறந்தது. வெயில் ஏற ஏற மின்வெட்டும் கூடியது. மதினி அத்தையின் ஆலைப் போர்மேனுக்கு போன் செய்து, கரண்டு வந்ததும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார். "நெனவு இருந்தா போடுதேம்மா" என்றார் அவர். பெட்டி விற்றவரைக் கூப்பிட்டால், "விக்கிறதுதான் எங்க வேலை தாயி, உள்ள இருக்கறது வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம்" என்றார். அச்சங்குளத்துப் பக்கமும் அதே பெட்டிகள் போயிருந்தன. யார் யார் வாங்கினார்கள் என்று சொல்ல அவர் தயாராக இல்லை.

மின்விசிறி நின்றால் போதும், மதினி கையில் இருப்பதை வைத்துவிட்டு போனை எடுத்துப் பார்ப்பார். சாயங்காலம் ஆலை வேன் திரும்பும்வரை அந்த போன் கண்ணுக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"டிக் போட்டா பொய்தான் மதினி. இருந்தாலும் அங்கன உசுரு இருக்குல்ல?"

"அந்த ரூம்ல இருக்கறது எங்கம்மா" என்றார். என்னைப் பார்க்கவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை. "எனக்கு உரிமை இல்லாததைக் குடுக்கேன்னு வைங்க. நாளைக்குக் கம்பெனி, அது எங்களுது, எடுங்கன்னு ஒரு நோட்டீஸ் விடும். அவுக எடுத்துத்தான் ஆகணும். எடுத்தா பழையபடி அதே பச்சை வெளக்கு வந்து நிக்கும். அதுக்குள்ள எல்லாரும் பொட்டியை நம்பி இருப்பாக. தீபாவளி சீசன்ல அது நடந்தா?"

எனக்கு அப்படித் தோன்றியிருக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு நிம்மதியும் வரவில்லை. ஒருவருடைய நேர்மையைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை சாப்பிட வந்திருந்தார். கறிக்குழம்பு. பேச்சு பெட்டியில் போய் நின்றது. வெள்ளிக்கிழமை மறுபடியும் பழைய நம்பரைக் காட்டியதாம்; போர்மேன் டீக்கடையில் இருந்தாராம்; அத்தைதான் போய் அணைத்துப் போட்டாராம்.

மதினி தட்டைத் தள்ளி வைத்தார்.

"அம்மா, இந்தக் கோளாறை மொதல்ல பாத்தது யாரு?"

"நாந்தான். வேற எவ பாத்தா?"

"நா உனக்கு ஏதாவது சொன்னேனா, இதை எப்படிச் சரி பண்ணணும்னு?"

"நீ எங்க வாயத் தொறந்த? ஊமை மாதிரில்ல திரியுற."

"உங்கிட்ட ஆலைல ஏதாவது பேப்பர்ல கையெழுத்து வாங்கினாகளா?"

அத்தை சிரித்தார். "கூலிக்கு வர்றவளுக்கு என்ன பேப்பரு? எம்பேரு எந்தப் பேப்பர்லயும் இல்லடி."

"அப்ப நீ சொல்லு. கரண்டு போயிட்டு வந்தா அந்தப் பொட்டி என்ன செய்யணும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? படிச்சவ நீ சொல்லு."

"நா சொல்லக் கூடாது. சொன்னா அது எங்கம்பெனியோடது ஆயிரும். நீயா சொல்லு."

"இதென்னடி கூத்து! மாப்ள, இவளுக்கு வெயில் தலைக்கேறிருச்சு. ஒரு வாய் மோரு குடுங்க." என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அத்தை எலும்பைக் கடித்தார். மதினி அசையவில்லை. தலையாட்டக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, கன்னத்தில் கையை ஊன்றி முகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை கை கழுவி வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கரண்டு வந்த ஒடனே சங்கு ஊதணும். எல்லாரும் வெளிய வந்துருவோம். புது நம்பரு வரணும். அது நல்ல நம்பரா இருந்தாத்தான் சங்கு நிக்கணும். இல்லேன்னா ஊதிக்கிட்டே கெடக்கட்டும்."

மதினியின் திருத்தம் அது இல்லை. அவருடையதில் கருவி தானாக விழித்துக்கொள்ளும், சத்தமே கிடையாது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தமிழ்லயே எழுதிக்கிறேன். நீ சொன்னது சொன்னபடி" என்றார்.

இங்கிலீஷில் மாற்ற வேண்டுமே என்றேன். மொழிபெயர்ப்பும் ஓர் ஆக்கம்தான், அதில் தன் கை படக்கூடாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க அச்சகத்துல என்ன எழுதி வாங்கினாக தம்பி?"

"ஒண்ணுமில்ல. நாளைலருந்து வான்னாங்க. போனேன்."

ஆக, எந்தத் தாளிலும் பெயர் இல்லாத நாங்கள் இருவரும்தான் அந்த வீட்டில் எதையும் யாருக்கும் கொடுக்கிற சுதந்திரத்தோடு இருந்தோம்.

ஒப்பந்தம் முழுவதையும் நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். உண்மையான பெயரைத்தான் தர வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் என்ற இடத்தில் அத்தை கையை உயர்த்தினார்.

"பேரு வேணாம். மத்ததெல்லாம் எழுதிக்கோங்க. பேரு மட்டும் வேணாம்."

மதினி தாளை வாங்கி, ஒரு வரியைத் தேடி விரல் வைத்து எனக்குக் காட்டினார். நான் படித்துச் சொன்னேன். கொடுத்ததை உள்ளது உள்ளபடி கொடுக்கிறீர்கள். அதனால் பின்னால் எது நடந்தாலும் அதற்கு நீங்கள் உத்தரவாதம் தரவில்லை.

"உங்க மாமாகிட்டயும் அப்படித்தான் சொன்னாக மாப்ள."

"சொன்னாகம்மா" என்றார் மதினி. "சொன்னதோட சரி. இதுல எழுதியிருக்கு. எழுதினதை நானும் படிச்சுட்டேன், ரெண்டாம் பக்கத்தையும் படிச்சுட்டேன். போடுன்னு நா சொல்ல மாட்டேன். வேணாம்னா மூடி வச்சிருவோம்."

அத்தை அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி ஏறிய விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்துவிட்டு, என் போன் திரையில் அந்தச் சின்னக் கட்டத்தின்மேல் வைத்தார். அதை இங்கிலீஷில் மாற்றுகிறவன் என்ற முறையில் நானும் வைத்தேன்.

எங்கோ இருந்த ஒருவர் அத்தை சொன்னதை அப்படியே நிரலாக எழுதிச் சேர்த்தார். பெட்டிக்காரர் அதைப் பெட்டிகளுக்கு அனுப்ப, மதினி அவரை நாள் தவறாமல் போனில் நச்சரிக்க வேண்டியிருந்தது. அது முடிந்தபோது அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது.

தொடங்கிய வாரத்திலேயே, செவ்வாய்க்கிழமை. நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். மின்விசிறி நின்று, வெகுநேரம் கழித்துச் சுற்றியது. மதினியின் போன் அடித்தது; அத்தைதான். எடுத்ததும் சங்குச் சத்தம் அறை முழுக்க வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஏ புள்ள, ஊதுது. நாங்க எல்லாரும் மரத்தடிக்கு வந்துட்டோம்."

"புது நம்பர் வந்துருச்சா?"

"வந்துருச்சு. செவப்பு. நிக்க மாட்டேங்குது."

பின்னால் போர்மேனின் குரல். "எக்கா, நாளைக்கு ஆர்டர் போகணும், வெளையாடுறீகளா? அது கிறுக்குப் புடிச்ச பொட்டி. உள்ள போங்கன்னா போங்க." ஏதோ இழுபறி. போன் கைமாறியது. "எம்மா, நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ளதான? இந்தச் சங்கை அமத்துறது எப்பிடி? சட்டுனு சொல்லு."

மதினிக்குத் தெரியும். பெட்டிக்கு அடியில் ஒரு பொத்தான். சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். அதை என்னிடமே காட்டியிருக்கிறார்.

"அது நா எழுதினது இல்லை அண்ணாச்சி. அதைப் பத்தி நா எதுவும் சொல்றதுக்கில்லை."

"பின்ன யாரும்மா எழுதினது? வெளிநாட்டுக்காரனுக்கா இப்ப போன் போட?"

"இப்படி ஊதணும்னு சொன்னது எங்கம்மா. அவுக பேருதான் அதுல இருக்கு. உங்க முன்னாடிதான நிக்கிறாக, அவுககிட்ட கேளுங்க."

சங்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு போர்மேன் கேட்டார், கொஞ்சம் இறங்கிய குரலில்:

"ஏக்கா... இது எப்பத்தான் நிக்கும்?"

"சூடு எறங்கினப்பெறகு" என்றார் அத்தை. "அதுவரைக்கும் நீங்களும் இங்கன வந்து நெழல்ல நில்லுங்க."